சிவப்புக் கண்

தம்பியின் முகத்தைத் தையல் மேஜையில் வைத்து அழுத்தினான் சார்ஜென்ட் மீசை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம், அக்கா வெட்டி வைத்திருந்த கருப்புத் துணிகளில் இறங்கியது. கூட வந்த சிப்பாய்கள் இருவர் கடைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டார்கள்.

"இந்தக் கண்ணைத் தைச்சது யாரு, ஊசியக்கா?" தம்பியின் சீருடைத் தோளில் இருந்த பன்றித் தலைச் சின்னத்தை மீசை விரலால் சுண்டினான்.

முகாமில் எல்லோருக்கும் அவள் ஊசியக்காதான். மகள் பிறந்த வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து முகாம் வாசலுக்கு எதிரே இந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து படையின் தோள் சின்னத்தைத் தைத்து வருகிறாள். காட்டுப்பன்றித் தலை, ஒரு கோரைப்பல் ஒடிந்தது. தம்பியை ஆளாக்கியது இந்தப் பன்றிதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சின்னத்தின் கதை அவளுக்கு மனப்பாடம். முதல் சண்டையில் தோட்டா தீர்ந்துபோய், படை வெறும் கத்தியோடு குன்றேறியது. திரும்பி இறங்கியவர்களின் கண்ணெல்லாம் அடுத்தவன் ரத்தம். பன்றிக் கண் எல்லோருக்கும் கருப்பு. அந்தச் சண்டையின் நினைவாக, கைக்கெட்டும் தூரத்தில் எதிரியைக் கொன்றவனுக்கு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு நூலை மீசையே கொண்டுவருவான். தைத்து முடியும்வரை எதிரே உட்கார்ந்திருப்பான். மிச்சத்தைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான்.

போன வாரம் தம்பி வந்து கெஞ்சினான். பெண் வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். ஒரு கண்தானே, படம் பிடித்த கையோடு பிரித்துவிடலாம் என்றான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. மகளின் கவுனுக்கு வாங்கிய சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தாள். அவன் படம் பிடித்தான், பிரிக்கவில்லை. அணிவகுப்பு வெயிலில் அந்தச் சிவப்பு ஆரஞ்சாகப் பல்லிளித்தது.

"நான்தான் தைச்சேன். அடிக்கிறதுன்னா என்னை அடி."

மீசை அவளைத் தொடவில்லை. தம்பியின் மயிரைப் பிடித்துத் தூக்கி, வாயைத் தோளோடு அழுத்தி, பல்லாலேயே நூலைப் பிரிக்கச் சொன்னான். தம்பி கடித்து இழுத்தான். நூல் வரவில்லை, அவள் தையல் அப்படி. முழங்காலால் விலாவில் ஒரு இடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"பாத்துக் கடி மாப்ளே," என்றான் கதவோரச் சிப்பாய். "பொண்ணு வீட்டுல பல்லைப் பாப்பாங்க."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். தானே பிரித்துத் தருவதாகச் சொல்லிக் குனிந்தாள். முதல் இழை அறுந்தது. அடுத்த இழைக்குப் போவதற்குள் தம்பி கத்தரிக்கோலைப் பிடுங்கி மீசையின் கழுத்தில் இறக்கினான், பிடி வரைக்கும். பீறிட்ட ரத்தம் அவன் கண்ணுக்குள் அடித்தது.

"இப்ப சிவப்பா இருக்கா?" என்று கேட்டான்.

சிப்பாய்கள் அவனைத் தரையில் போட்டு, அசைவு நிற்கும்வரை மிதித்தார்கள். மேலே விழுந்து மறைத்தவளின் இடது கையும் பூட்ஸில் அகப்பட்டது.

மறுநாள் காலை முகாமிலிருந்து அவளுக்குப் பழக்கமில்லாத ஒருவன் சிவப்பு நூலோடு வந்தான். மீசையை அடக்கம் செய்யும் சட்டைக்குப் புதுச் சின்னம் வேண்டும் என்றான். தம்பி சிறை ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், இன்னும் கண் திறக்கவில்லை என்றும் சொன்னான். அவளுக்கு விரல்கள் வீங்கி மடங்கவில்லை. துணி மாட்டிய தையல் வளையத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு தைத்தாள். மத்தியானத்துக்குள் முடிந்தது. அவன் மிச்ச நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனான். அவள் மேஜையைத் துடைத்தாள். கருப்புத் துணிகளில் கறை தெரியவில்லை, அடுக்கி வைத்தாள். கடையைப் பூட்டிவிட்டு மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனாள்.