டேங்கில் மல்லிகை இதழ்

சங்வான் அக்காவைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் யாரானாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் நான்தான் சொல்லியாக வேண்டும். அவளுக்கு நான் செய்ததை ஊரில் வேறு யாரும் செய்யவில்லை.

லோய் மாகாணத்தில் மரவள்ளி மேடுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். பெரிய பெட்ரோல் பங்க்குக்குப் போக மலை இறங்கி முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் டிராக்டர், பம்புசெட், பிக்கப் எதுவானாலும் டீசலுக்குச் சங்வான் அக்காவின் கைப்பம்புதான். புளியமரத்து முக்கில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு டிரம், அதன் மேல் ஆள் உயரக் கண்ணாடிக் குழாய், பக்கத்தில் கைப்பிடி. பிடியைச் சுற்றினால் டீசல் கண்ணாடிக்குள் ஏறும். எவ்வளவு ஏறியது, எப்படி இருக்கிறது என்று நாமே கண்ணால் பார்க்கலாம்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. கரும்பு ஆலை ஊரிலிருந்து புருஷனோடு வந்தவள். அந்த ஆள் ஒரு பாட்டுக்குழுக்காரியோடு போய்விட்டான். "கூட்டிட்டு வந்தது ரெண்டு. ஒண்ணு ஓடிருச்சு, இன்னொண்ணு துரு பிடிச்சாலும் நிக்குது" என்று பம்பைத் தட்டிக் காட்டிச் சிரிப்பாள். முன்பல் ஒன்று இல்லாததால் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். டிரம்முக்கு டீசல் வந்து இறங்கினால் இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டாமல் விடமாட்டாள். மழை தூறினால் முதலில் டிரம் வாய்க்குப் பிளாஸ்டிக் கட்டிவிட்டு அப்புறம்தான் தன் தலைக்கு எதையாவது தேடுவாள். இதையெல்லாம் இருபது வருஷமாகப் பார்த்தவன்தான் நானும்.

எனக்கு அதுவரை இருந்தது கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர டிராக்டர். அதன் பின்னால் ஒரு கட்டைவண்டி. மாமனார் வீட்டு விசேஷங்களுக்கு அதில்தான் தடதடவென்று போய் இறங்குவேன். அந்த வருஷம் மழைக்கு முன்னால் டவுனில் பழைய வண்டி விற்கும் ஒரு முற்றத்திலிருந்து வெள்ளை டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி வந்தேன். ஐந்து வருஷம் ஓடிய வண்டிதான், ஆனால் பெயிண்ட் மினுமினுத்தது. ஊருக்குள் நுழையும்போது தேவையே இல்லாமல் மூன்று இடத்தில் ஹாரன் அடித்தேன்.

மறுநாள் காலை நேராக விகாரைக்கு ஓட்டிப்போனேன். பெரிய பிக்கு வண்டிக்குள் ஏறி, ஓட்டுநர் தலைக்கு மேலே கூரையில் வெள்ளைச் சாந்தால் புள்ளி வைத்தார். மல்லிகைப்பூ மிதக்கிற கிண்ணத்தில் மெழுகுவத்தியைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டு மந்திரம் ஓதினார். குச்சிக்கட்டை அதில் நனைத்து வண்டி மேலும் எங்கள் மேலும் தெளித்தார். வண்டிக்குள் குடியிருந்து காப்பதாக நாங்கள் நம்பும் தாய்த் தெய்வத்துக்கு என் மனைவி சுமாலி கலர் ரிப்பனும் மாலையும் கட்டினாள். மீந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து சுமாலி வாசலில் கொஞ்சம் தெளித்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். நான் பாட்டிலும் கையுமாக வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கூரைக்குத் தெளித்தாயிற்று, டயருக்குத் தெளித்தாயிற்று. ஓடுவது எது? இன்ஜின். அதன் வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லையே! டீசல் டேங்க் மூடியைத் திறந்தேன், கும்பிட்டேன், ஊற்றினேன். நாலு சொட்டோடு நிறுத்தியிருக்கலாம். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று அரை பாட்டிலையும் கவிழ்த்தேன். மடையன், மடையன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் டேங்க் நிரம்ப டீசல் அடித்தேன். "வண்டி ஜோரா இருக்கு தம்பி. நல்லா சம்பாதி" என்று வாழ்த்தி, ஐஸ் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் கிழங்கு ஏற்றிக்கொண்டு மாவு ஆலைக்குப் போகும் ஏற்றத்தில் வண்டி ஒரு வெட்டு வெட்டியது. வெள்ளைப் புகை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முனகுகிறதே தவிர ஏறவில்லை. மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இறங்கி ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். பேட்டரி முனைகளை முறுக்கினேன். டீசல் லைனில் காற்று பிடித்திருக்கும் என்று ஃபில்டர் மேலிருக்கிற குமிழைக் கட்டைவிரல் வலிக்க அமுக்கினேன். கிளம்பும், இருநூறு அடி போகும், நின்றுவிடும். பின்னால் மாமனார் தன் வண்டியில் வந்து நின்றார்.

"என்ன மாப்ள, புது வண்டி மூச்சு வாங்குதா? உங்க பழைய கை டிராக்டரக் கொண்டாரச் சொல்லவா? அதுல கட்டி இழுத்துக்கலாம்."

பின்னால் உட்கார்ந்திருந்த நாலு கூலிப் பெண்களும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது.

மெக்கானிக் புன்மா என்னோடு படித்தவன். வந்து பார்த்தான். ஃபில்டருக்கு அடியிலிருந்த திருகைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடித்தான். மேலே டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர்.

"டீசல்ல தண்ணிடா. எங்க அடிச்ச?"

"சங்வான் அக்காகிட்ட."

இந்த இடத்தில் விகாரைப் பாட்டில் விஷயம் எனக்கு ஞாபகமே வரவில்லை என்று சொல்லிவிடலாம்தான். பொய். ஞாபகம் வந்தது. ஆனால் பிக்கு மந்திரித்தது தண்ணீரா என்ன? அது தீர்த்தம். தீர்த்தம் இன்ஜினைக் கெடுக்குமா? கெடுக்காது என்றால் இந்தத் தண்ணீர் வேறு எங்கிருந்தோ வந்ததுதான். என் புத்தி அப்படிக் கணக்குப் போட்டது. மாமனார் பக்கத்திலேயே நின்றதும் ஒரு காரணம்.

புன்மா பிடித்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேராகப் புளியமரத்து முக்குக்குப் போனேன். டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கிழங்கு பிடுங்கும் காலம், அக்காவுக்கு வருஷத்துப் பிழைப்பே அந்த இரண்டு மாதம்தான்.

"பாருங்கய்யா, பாருங்க! அக்கா அக்கான்னு நம்பி வர்றோம், தண்ணியக் கலந்து ஊத்துறா!"

அக்கா கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "என்ன தம்பி பேசுற? கண்ணாடிக்குள்ள ஏத்தி, நீ பாத்தப்புறம்தானே ஊத்துனேன்?"

"கண்ணாடியக் காட்டியே ஏமாத்துறியா? இருபது வருஷமா இதத்தான் பண்றியா?"

அவள் வடிகட்டும் துணியை எடுத்துப் பிழிந்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். அதைக்கூடக் குற்றம் செய்தவளின் பதற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? ஊர்த்தலைவர் தோங்தீ வீட்டுக்குப் போய்ப் பாட்டிலைக் காட்டினேன். மறுநாள் காலை ஊர் ஒலிபெருக்கியில், தடுப்பூசி அறிவிப்புக்கும் கால்வாய் அறிவிப்புக்கும் நடுவே, புளியமரத்து முக்கு டீசலில் தண்ணீர் இருப்பதாகப் புகார், ஜனங்கள் பார்த்து வாங்கவும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டிராக்டர்கள் மலை இறங்கின. அக்காவுக்குத் 'தண்ணி சங்வான்' என்று பேரும் வைத்தாயிற்று. அவள் தினமும் கொட்டகையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. டேங்கையே இறக்கிக் கழுவிவிடலாம் என்று புன்மா கழற்றினான். அடியில் கையை விட்டு எதையோ வழித்து எடுத்து உள்ளங்கையில் பரப்பினான். மஞ்சள் நிறத்தில் நாலைந்து மெழுகுத் துணுக்கு. அவற்றோடு ஒட்டிக்கொண்டு, பழுப்பாகி, ஆனால் வடிவம் கெடாமல், ஒரு மல்லிகை இதழ்.

அதை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அக்கா டிரம்முக்குள்ள பிக்கு யாராச்சும் உக்காந்து மந்திரம் ஓதுனாரா விச்சியன்?"

நான் டேங்க் மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எவ்வளவுடா ஊத்துன?"

"அரை பாட்டில்."

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டான்.

"வெளிய சொல்லிறாத புன்மா. மானம் போயிரும்."

"நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான். அக்கா பம்ப எடைக்குப் போடப் போறா. போட்டுட்டு இந்த ஊரவிட்டே போறாளாம்."

புதன் போயிற்று. வியாழன் காலையும் போயிற்று. சொன்னால் மாமனார் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். அதைவிட எனக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்திருந்தது. தீர்த்தத்தால் வண்டி கெட்டது என்று ஊரறியச் சொன்னால் பிக்குவுக்கு அவமரியாதை அல்லவா? அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு மத்தியானம் விகாரைக்குப் போனேன். பெரிய பிக்கு கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நான் உன் தலையிலதானே தெளிச்சேன்? டேங்குல யாரு ஊத்தச் சொன்னா? எனக்கு ஒரு அவமரியாதையும் இல்ல, போ."

சாக்கும் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் வீட்டு மைக் முன்னால் உட்கார்ந்தேன். "விச்சியன் பேசுறேன். சங்வான் அக்கா டீசல்ல தப்பு இல்ல. எல்லாரும் தாராளமா வாங்கலாம். என் வண்டிப் பிரச்சினைக்கு வேற காரணம்." சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட்டேன். முடிந்தது என்று மூச்சுவிட்டேன். ஓட்டமும் நடையுமாகப் புளியமரத்து முக்குக்குப் போனேன். பாராட்டை எதிர்பார்த்தேனோ என்னவோ, வெட்கம் கெட்டவன்.

இரும்புக்காரன் பம்பின் அடி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். சுற்றி ஆறேழு பேர். அக்கா என்னை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுச்சு தம்பி. வேற காரணம்னா என்ன காரணம்?"

"அது... வண்டிக்குள்ள ஏதோ..."

"தண்ணி எப்படி வந்துச்சுன்னு நீ சொல்லலன்னா, விச்சியன் அவளப் பாவம்னு விட்டுட்டான், தண்ணி அவ ஊத்துனதுதான்னு பேசுவாங்க. இப்பவே பேசுறாங்க."

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நானே எல்லாருக்கும் சொல்லிக்கிறேங்க்கா, ஒவ்வொருத்தர்கிட்டயா..."

"ஊரக் கூட்டி மைக்லதானே என் பேரக் கெடுத்த? மைக்லயே சொல்லு." குரல் உயரவே இல்லை. இரும்புக்காரனிடம் திரும்பி, "நீ கொஞ்சம் நில்லுப்பா. இவன் சொல்றானா இல்லையான்னு பாத்துட்டு அந்த போல்ட்டக் கழட்டு" என்றாள்.

திரும்பி நடந்தேன். முக்கிலிருந்து தலைவர் வீடு இருநூறு அடிதான், ஆனால் அவ்வளவு நீளமான வழியில் நான் நடந்ததே இல்லை. மைக்கைப் போட்டேன். மெழுகு, மல்லிகை, அரை பாட்டில், சாமி காரியத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று நினைத்தது, ஞாபகம் வந்தும் அவள் மேல் பழி போட்டது, செவ்வாய்க்கிழமையே தெரிந்தும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலில் எங்கோ ஒரு வீட்டில் சிரிப்பு கேட்டது. அப்புறம் ஊர் முழுக்க. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கடைசியாக, "அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். என் குரல் உடைந்ததை மைக் பெரிதாக்கி ஊருக்கெல்லாம் கொடுத்தது.

இரும்புக்காரன் போல்ட்டைத் திரும்ப முறுக்கிவிட்டு, ஒரு ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போனானாம். மறுநாளே டிராக்டர்கள் வரிசை கட்டின. 'தண்ணி' என்ற பட்டம் இடம் மாறி எனக்கு வந்தது. இன்றைக்கும் மாமனார், "என்ன மாப்ள, டேங்குக்கு அபிஷேகம் ஆச்சா?" என்று கேட்காமல் ஒரு விசேஷத்திலும் சோறு போடமாட்டார். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். நானும் அக்காவிடம்தான் டீசல் அடிக்கிறேன். முகம் கொடுத்துப் பேசுவாள். சுமாலி எப்படி இருக்கிறாள், கிழங்கு என்ன விலைக்குப் போனது என்று கேட்பாள். எல்லோருக்கும் கண்ணாடியில் ஏற்றி அப்படியே ஊற்றிவிடுவாள். எனக்கு மட்டும், முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து, வெயிலில் தூக்கிக் காட்டுவாள். நான் பார்த்துத் தலையாட்டும்வரை பிடியைச் சுற்றமாட்டாள். "வேணாங்க்கா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"இருக்கட்டும் தம்பி, நீ பாத்துக்கோ" என்பாள்.