கொப்பியில் ஒரு காவல்காரன்

மூன்று கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. மயிலிட்டித் துறைமுகத்தில் ஒரு மனிதரின் சேட்டுக் கொலரைப் பிடித்தேன்.

அவர் ஐஸ் பக்டரிக் காவல்காரர். அறுபத்துமூன்று வயது. ஒரு முழங்கால் மடியாது. கையில் சுடச்சுட ஒரு கோப்பை ரீ வைத்திருந்தார்.

என்ன குற்றம் செய்தார்? ஒன்றும் இல்லை. தன் வாசலில் நின்றார்... அவ்வளவுதான்.

பத்திரிகையின் இந்தப் பத்தியில் வழமையாகக் காற்று, வலை, எஞ்சின் என்று எழுதுவேன். இந்தக் கிழமை பொறாமை. என்னுடையதுதான். மனைவி மலரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கோ. ஆனால் உங்களை வடிவாக்கி எழுதாதேங்கோ” என்றாள்.

சரி.

சொந்த ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து மலருக்கு நித்திரை இல்லை. கதவுக் கொண்டியைப் போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து இருப்பாள். மறுபடி போய்ப் பார்ப்பாள். பட்டப்பகலிலும் அப்படித்தான். கிளினிக் டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு உளவளத்துணையாளர். இளம் பிள்ளை. எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் மலரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன். அவள் உள்ளே போவாள். நான் வெளியே மர வாங்கில் குந்தியிருப்பேன். ஒரு மணித்தியாலம்.

என்ன கதைக்கிறார்கள்? தெரியாது. சில நேரம் அழுகிற சத்தம். சில நேரம் சிரிப்பு. அழுகை பரவாயில்லை. அந்தச் சிரிப்புத்தான்... என் வீட்டில் மலர் அப்படிச் சிரித்து எத்தனை வருடம்?

முதல் நாள் வரும் வழியில் கேட்டேன்.

“என்ன கதைச்சனீ?”

“சும்மா.”

“ஒரு மணித்தியாலம் சும்மாவோ?”

“ஓம்.”

இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருக்கிறோம். எனக்குச் சும்மா. நேற்று வந்த ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம்.

பொறாமைக்காரன் சத்தம் போடமாட்டான். பார்த்துக்கொண்டிருப்பான்.

பார்த்தேன். மலர் குசினியில் தனியே கதைக்கத் தொடங்கினாள். மீனை வெட்டிக்கொண்டு, மெதுவாக... “நீ கொஞ்சம் இரு. நான் பாத்துக்கொள்ளுறன்.” போனில் ஆரோ என்று நினைத்தேன். போன் என் சேட்டுப் பொக்கற்றில் இருந்தது.

பிறகு ஒரு கொப்பி வந்தது. எண்பது பக்கக் கொப்பி. எழுதுவாள், மூடுவாள், அரிசி வாளிக்குப் பின்னால் வைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை கடலால் வந்தேன். மலர் கிணற்றடியில் நின்றாள். நான் அரிசி வாளியை நகர்த்தினேன்.

பிழைதான். தெரிந்து செய்த பிழை.

ஒரு பக்கம்தான் வாசித்தேன். இப்படி இருந்தது:

“காவல்காரன் இண்டைக்கும் வந்தான். வாசலிலை நிண்டான். அவருக்கு ஒண்டும் சொல்லாதை எண்டான். எத்தினை வருசமாய் எனக்குத் துணை இவன். பாவம், நல்லாய்க் களைச்சுப்போனான்.”

அவர் என்றால் நான். அப்போது அவன்?

நெஞ்சுக்குள் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது போல் இருந்தது. கொப்பியை இருந்த இடத்தில் வைத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போட்டில் கதைக்க ஒரு வயர்லெஸ் இருக்கிறது. செற் என்போம். செற்றில் நாங்கள் சொந்தப் பெயர் சொல்வதில்லை. ஒருவன் சொல்வதைக் கடலில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். மீன் பட்ட இடம் தெரிந்தால் பத்துப் போட் வந்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு மறைப்புப் பெயர், இடத்துக்கு ஒரு பெயர். ‘மாமா வீட்டிலை சோறு’ என்றால் வலை நிறைய மீன். என் கூட்டாளியின் பெயர் ‘தபால்காரன்’. ஒரு கதை அவன் காதில் விழுந்தால் அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்கப் போய்ச் சேரும். அதனால் அந்தப் பெயர்.

மறைப்புப் பெயருக்குள் எப்படியும் உண்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே ஆளைக் கண்டுபிடிக்கலாம். அதில் நான் கெட்டிக்காரன் என்று துறைமுகத்தில் பெயர் இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் கெட்டித்தனத்தைக் கொண்டுபோய் மனைவியின் கொப்பியில் வைத்தேன்.

வாசலில் நிற்கிறவன். களைத்தவன். கன வருடமாகத் தெரிந்தவன். மலர் ஒவ்வொரு நாளும் போகும் இடம் எது? மீனுக்கு ஐஸ் எடுக்க, ஐஸ் பக்டரி. அங்கே வாசலில் நிற்பது ஆர்? மலர் போனால் கதிரை இழுத்துப் போடுவது ஆர்?

பெயர் மறைக்கக்கூடத் தெரியாமல் அப்படியே எழுதிவிட்டாளே என்று அவள் மேல் பரிதாபமும் வந்தது. பாருங்கள், எவ்வளவு பெரிய மடையன்.

போய்க் கொலரைப் பிடித்தேன்.

“தம்பி, ரீ ஊத்துப்படப்போகுது” என்றார் அவர்.

“மலரோடை உமக்கு என்ன கதை?”

“எந்த மலர்?”

“என்ரை மனிசி.”

“ஐஸ் இருக்கோ எண்டு கேக்கும். இருந்தால் ஓம் எண்டுவன். இல்லாட்டி இல்லை எண்டுவன்.”

“வேறை?”

“வேறை என்ன... முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லும்.”

பின்னால் தபால்காரன் நின்றான். “அண்ணை, விடுங்கோ. உந்த மனிசன் படி ஏறவே ஆள் பிடிக்கவேணும். உங்கடை மதிலாலை பாய்ஞ்சு வருவாரோ?”

நாலு பேர் சிரித்தார்கள். கொலரை விட்டேன். காவல்காரர் கொலரைச் சரி பண்ணினார். மிச்ச ரீயைக் குடித்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வீட்டுக்கு வர முன்னமே கதை வந்துவிட்டது. தபால்காரன் தபால்காரன்தான்.

மேசையில் கொப்பி இருந்தது.

“வாசிச்சியள்.”

“ஒரு பக்கம்.”

“பிறகு அந்த மனிசனிலை போய்ப் பிடிச்சியள்.”

“காவல்காரன் எண்டு எழுதியிருக்கிறாய்.”

மலர் தன் நெஞ்சில் கையை வைத்தாள். “இஞ்சை நிக்கிறவன். மிஸ் சொன்னவ, எங்களுக்கை கன பேர் இருக்கினம், ஆராரெண்டு பாத்துப் பேர் வையுங்கோ எண்டு. நான் வாய் திறக்கப் போனால் ஒருத்தன் வந்து மறிக்கிறவன். அவன்தான் காவல்காரன்.”

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

“இனி நான் மிஸ்ஸிட்டைப் போகேல்லை” என்றாள். கொப்பியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அடுத்த செவ்வாய் போகவில்லை. குசினியில் அந்த மெல்லிய பேச்சும் நின்றுபோனது. இரண்டு கிழமையாகக் குறைந்திருந்த கொண்டி பார்க்கிற வேலை திரும்ப வந்தது. ஒரு நாள் காலை எண்ணினேன். ஒன்பது தரம்.

நான் கேட்டது இதைத்தானே? அவள் வேறு ஒருவரிடமும் கதைக்கக்கூடாது. இப்போது ஒருவரிடமும் கதைக்கவில்லை. என்னிடமும்தான்.

அதற்கடுத்த செவ்வாய் நான் தனியே போனேன். மனிசி வரமாட்டா, நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று. கொப்பி, கொலர் எல்லாம் சொன்னேன்.

“இருங்கோ அண்ணை” என்றார் மிஸ். “அவ எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்ல ஏலாது.”

“தெரியும்.”

“நீங்கள் உங்கடையைச் சொல்லலாம். அண்டைக்குக் கொலரைப் பிடிச்சது ஆர்?”

“நான்தான்.”

“முழு நீங்களுமோ?”

என்ன கேள்வி இது? ஆனால் யோசித்தேன். கொலரைப் பிடித்த நேரம் என் கண் அவருடைய ரீயில்தான் இருந்தது. கிழவனுக்குச் சுட்டுவிடக்கூடாது என்று. பிடித்தவன் ஒருவன். ரீயைப் பார்த்தவன் இன்னொருவன். இதை ஊர் பார்க்கிறதே என்று உள்ளே குனிந்துகொண்டு நின்றவன் மூன்றாமவன். சொன்னேன்.

“ஒரு போட்டிலை மூண்டு பேர்” என்றார்.

“ஓம். சுக்கான் பிடிச்சது பிழையான ஆள்.”

“அவரைக் கடலிலை தள்ள வேண்டாம். அவருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்திருக்கும். என்ன வேலை எண்டு அவரைக் கேட்டுப் பாருங்கோ.”

எனக்குள்ளேயே ஒருவனைக் கேட்பதா? கூச்சமாக இருந்தது. கேட்டுப் பார்த்தேன்.

“அவள் போயிடாமல் பாக்கிறது” என்றேன். என் வாய்தான் சொன்னது. எனக்கே புதிது.

“எப்ப தொடக்கம் அந்த வேலை பாக்கிறார்?”

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். மலரைக் காண முன்னமே தொடங்கியது. இங்கே எழுதமாட்டேன். அது என் கொப்பி.

“அவருக்கு ஒரு பேர் வைப்பமோ?”

“காவல்காரன் எண்டுதான் வைக்கவேணும். அந்தப் பேரை மனிசி எடுத்திட்டா.”

மிஸ் சிரித்தார். வெளியே வாங்கில் இருந்தபோது கேட்ட சிரிப்பு இது இல்லை. அது மலருடையது.

வீட்டுக்கு வந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

“மிஸ்ஸிட்டைப் போனனான்.”

மலர் நிமிர்ந்து பார்த்தாள். “ஆர் போகச் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை. உன்ரை காவல்காரன் ஏன் எனக்குச் சொல்லாதை எண்டவன்? சொல்ல விருப்பமில்லாட்டிச் சொல்லாதை.”

மலர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். கொப்பியை எடுத்து அவளே வாசித்தாள்.

“அவருக்குச் சொல்லாதை. சொன்னால் ‘விடு’ எண்டுவார்.”

“நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?”

“கலியாணம் முடிஞ்சு மூண்டாம் மாதம். நீங்கள் நீலச் சாரம் கட்டியிருந்தனீங்கள். பிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்தியள்.”

சொன்னாள். சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அன்று அவளுக்கு ஒன்பது வயது. பின்னேரம் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நாய் அவர்கள் ஏறிப்போகும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடி வரும் என்று அதை முருங்கை மரத்தில் கட்டினாள். கதவுக்குக் கொண்டி போட்டாள். பிறகு திரும்பி வர இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

“கட்டினது நான்” என்றாள்.

இதைத்தான் அன்று எனக்குச் சொல்ல வந்திருக்கிறாள். நான் வலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேனாம்: ‘விடு. எத்தினை சனம் போச்சுது. நாய்க்கு என்ன இப்ப.’

எனக்கு ஞாபகமே இல்லை. சாரம் ஞாபகம் இருக்கிறது.

ஆக, அந்த வாசலில் காவல் போட்டது ஆர்? கொலரைப் பிடிப்பதென்றால் நான் என்னுடையதைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

மலர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. நாக்கு நுனி வரை. முப்பது வருடக் கடல்காரனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? விழுங்கினேன்.

“நாய்க்கு என்ன பேர்?” என்று கேட்டேன்.

மலர் கொப்பியை மூடினாள். பெயரைச் சொன்னாள். பிறகு அது எப்படி நண்டுக்குக் குரைக்கும், எந்தக் காது மடிந்திருக்கும் என்றெல்லாம் சொன்னாள். சோறு ஆறிவிட்டது. இருபது நிமிடம் இருக்கும். நடுவில் அழுதாள். ஒரு தரம் சிரித்தாள்.

“மிஸ் பேர் கேட்டவவோ?”

“இல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை.”

மறுநாள் காவல்காரருக்கு ஒரு பாரை மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். “ஐஸ் வேணுமோ?” என்று மட்டும் கேட்டார். முழங்கால் எண்ணெய் எங்கே வாங்குவது என்று கேட்டு, அதையும் வாங்கிக் கொடுத்தேன்.

மலர் இந்தச் செவ்வாய் மறுபடி போனாள். நான் வாங்கில் இருந்தேன். அவளுக்கு ஒரு மணித்தியாலம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குள் இருக்கிறவன் எழும்பினான். இரு என்றேன். இருந்தான். அவன் முழுக்க மாறிவிட்டான் என்று நான் சொல்லவில்லை.

வாசகர்கள் நாயின் பெயரைக் கேட்பீர்கள். எழுதமாட்டேன். மிஸ் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்.