வலமாகவே சுற்றிய கம்பி

என் பாட்டை மனதாரப் புகழ்ந்த ஒரே ஆள் என் அப்பா. அவருக்குக் காது கேட்காது. ரயில் பட்டறையில் வருஷக்கணக்காகப் பாய்லருக்குள் உட்கார்ந்து ஆணி அடித்தே போன காது அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் நான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். அப்பா மட்டும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, என் உதட்டையே பார்த்துக்கொண்டு, பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம் எனக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை முடிவானது. கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு வைத்ததும் பெண் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வீட்டை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது என் குரல் அப்பா காதில் விழ வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. காதருகே போய்க் கத்தினால் அவருக்குக் கேட்கும்தான். ஆனால் கத்தினால் அது பாட்டாக இருக்காது, திட்டாக இருக்கும். நிஜமாகவே கேட்டுவிட்டால் அப்புறமும் புகழ்வாரா என்ற பயமும் எனக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வயர்மேன் வேலை பார்த்த அண்ணனிடம் ஆசையை மட்டும் சொன்னேன். அவன் பழைய இரும்புக் கடையிலிருந்து சுருள் கருகிப்போன ஒரு ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே லாடம் போல் வளைந்த ஓர் இரும்பு. அதன் இரண்டு கால்களிலும் செம்புக் கம்பி சுற்றிக் கரண்டு விட்டால் இரும்பு காந்தமாகிவிடும், கரண்டை நிறுத்தினால் மறுபடி வெறும் இரும்பு. இரண்டு நுனிகளுக்கும் நடுவிலுள்ள சந்தில் ஒரு குட்டிச் சுருள், மெல்லிய தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பழைய டெலிபோனின் பேசும் குழாயில் பாடினால் என் குரலுக்குத் தக்கபடி கரண்டு ஏறி இறங்கி அந்தக் குட்டிச் சுருளுக்கு வருமாம். பெரிய காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுமாம். தகடு காற்றை அடிக்கும், அதுதான் சத்தம். ஆபீஸில் சுற்றுகிற காற்றாடிக்குள்ளும் இதே தள்ளுமுள்ளுதான், அங்கே வட்டமாகத் தள்ளுகிறது என்றான்.

அவன் தடித்த விரலுக்கு மெல்லிய கம்பி அறுந்து அறுந்து போனது. பூத்தொடுக்கிற கை என்று என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு காலில் வலமாகச் சுற்று, மற்றதில் இடமாகச் சுற்று, அப்போதுதான் ஒரு நுனி வடக்கும் ஒரு நுனி தெற்குமாக நிற்கும் என்று சொல்லி வேலைக்குப் போனான்.

முதல் காலை அழகாக முடித்தேன். இரண்டாவதை இடமாக ஆரம்பித்த மாத்திரத்தில் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டு மங்கலங்களுக்கெல்லாம் அவள்தான் காவல். பந்தக்கால் நட்ட வீட்டில், காப்புக் கட்டிய கையால், சாவு வீட்டில் சுற்றுகிற மாதிரி இடமாகச் சுற்றுவதா என்று கேட்டாள். காந்தம், வடக்கு, தெற்கு என்று என்னென்னவோ சொன்னேன். தெற்கு எமன் இருக்கிற திசை என்று அவள் முடித்துவிட்டாள். எனக்கும் உள்ளூர ஒரு நடுக்கம், கல்யாணப் பெண் அல்லவா? பிரித்துவிட்டு வலமாகவே சுற்றினேன். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

நலங்கன்று மத்தியானம்தான் ஒரு லோரிக்காரரிடமிருந்து பேட்டரி கிடைத்தது. சொந்தமெல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்க, அப்பாவை ஒலிபெருக்கியின் வாயருகே உட்கார வைத்தார்கள். சரிபார்ப்பதற்காக அண்ணன் குழாயில் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். கொசு முனகுகிற மாதிரி ஏதோ வந்தது. அப்பா ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் மூடியைக் கழற்றிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அத்தையைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு நுனியும் வடக்காகவே நின்று ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன, நடுச் சந்தில் காந்தமே இல்லை என்று பல்லைக் கடித்தான். பிரித்துச் சுற்றுவதற்கு நேரம் கிடையாது, அத்தை விடப்போவதும் கிடையாது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன், சட்டென்று இரண்டாவது சுருளின் இரண்டு முனைகளையும் கழற்றி, இடம் மாற்றி முறுக்கினான்.

அத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா பண்றே?"

"சுத்து வலம்தான் அத்தே, அதை நான் தொடலே. கரண்டு மட்டும் பின்வாசல் வழியா உள்ள போவுது, அவ்ளோதான் லா."

கண்ணுக்குத் தெரியாதது எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்று அத்தை பெருந்தன்மையோடு நகர்ந்துகொண்டாள். கரண்டு திரும்பி ஓடினால் காந்தத்தின் முகமும் திரும்பிவிடும் என்பதை அண்ணன் பிறகுதான் எனக்குச் சொன்னான். அந்த நேரத்தில் எனக்குக் காந்தமாவது ஒன்றாவது, கையில் குழாயைக் கொடுத்ததும் வாங்கி வாயருகே பிடித்துக்கொண்டேன்.

பாடினேன். முதல் வரியிலேயே அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை, தாளமும் போடவில்லை. தலையைச் சாய்த்து, காதை ஒலிபெருக்கியின் வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பந்தலில் இரண்டு சித்திமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேல் ஸ்தாயியில் என் குரல் வழக்கம்போல் உடைந்தது. ஒலிபெருக்கி அதைக் கொஞ்சமும் மறைக்காமல் பெரிதாக்கிக் காட்டியது. எப்படியோ முடித்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர்.

காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில், பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ரொம்ப மோசமாத்தான் பாடுறே. இன்னொரு தடவை பாடும்மா."