சங்கு ஊதினாலும் நிரையை முடிக்கணும்

மேடை ஏறுகிற ஆள் இல்லை நான். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடத் தூணுக்குப் பின்னால்தான் இடம் பார்ப்பேன். என் கல்யாணப் பந்தலில் மறைந்துகொள்கிற மாதிரித் தூண் ஒன்றும் இல்லை, அதனால்தான் முன்னால் நின்றேன். அப்படிப்பட்டவள் ஒரு பெரிய பாட்டுக்காரரின் கச்சேரி மேடையில் மைக்கைப் பிடித்தேன் என்றால், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் பொறுப்பு.

மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் கொழுந்து பறித்து ஓய்வு வாங்கியவள். அவளுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அவள் மகள் பதினொன்றாவது படிக்கிறாள். அந்தப் பிள்ளையும் இன்னும் ஐந்து பெண்பிள்ளைகளும் சேர்ந்து, ஃபேக்டரிக்குப் பக்கத்துக் களத்தில் ஒரு ஃபோனில் பாட்டுப் போட்டு ஆட்டம் பழகினார்கள். அம்மாமாருக்குத் தெரியாமல்தான். ஃபேக்டரியில் வேலை முடிகிற சாயங்காலச் சங்கு ஊதுகிறவரை ஆடுவார்கள். சங்கு ஊதியதும் கை எந்த உயரத்தில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டம். அம்மாமார் கேட்டைத் தாண்டி வரும்போது ஆறு பேரும் ஆறு வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மூணாறு மைதானத்தில் நடக்கிற சுற்றுலா விழாவுக்குப் பாட்டுக்காரர் சென்னையிலிருந்து தன் கோஷ்டியோடு வருகிறார் என்றும், அவருக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் ஒரு பாட்டுக்கு ஆடலாம் என்றும் கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சாமி வருவதற்கு முன்னால் தெருவில் தண்ணீர் தெளிப்பார்களே, அந்த வேலைதான். ஆனாலும் விஷயம் வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் தட்டு பறந்தது. மறுநாள் அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

“மதினி, நான் ஷிப்ட் முடிஞ்சு நேரா அங்க வாரேன். நீங்க பிள்ளைகளோட துணைக்குப் போங்க. என் கண்ணால ஒரு தடவ பாக்கேன். பாக்கிற மாதிரி இருந்தா ஆடட்டும். இல்லேன்னா அன்னைக்கோட அந்தக் கூத்து முடிஞ்சது.”

எனக்குத் துணைக்கு யார் வருவார்கள் என்று கேட்க நினைத்தேன்.

விழாவில் பேச வேண்டிய பெரிய மனிதர் ஒருவர் வரவில்லை. ஊருக்கு அது நல்லது. பிள்ளைகளுக்குத்தான் கெடுதலாகப் போனது. அவர் பேச்சுக்கு வைத்த நேரம் மிச்சமாகி, ஆட்டத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். அம்மா இன்னும் வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கமிட்டிக்காரரிடம் போய் நின்றாள். அவர் மண்டையை ஆட்டிவிட்டு மேடையைக் கைகாட்டினார்.

நான் மேடை ஓரத்தில் ஆறு ஜோடி செருப்பையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் பாட்டுக்காரர் நின்றார். பனி இறங்கி இருட்டப் போகிற நேரத்தில் கறுப்புக் கண்ணாடி. படி தெரியாமல் இரண்டு பேர் கையைப் பிடித்துத்தான் ஏறியிருந்தார். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். பேறுகாலம் ஆனவள்கூட அவ்வளவு வெந்நீர் குடித்து நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் கண் ஆட்டத்தில் இல்லை, ரோட்டில் இருந்தது. பாட்டு பாதிக்கு வந்தபோது ஊதியது பாருங்கள் ஒரு சங்கு.

பாட்டுக்காரர் மேடைக்கு வரும்போது புகையும் சங்குச் சத்தமுமாக வருவாராம். அது சரியாகக் கேட்கிறதா என்று சவுண்டுக்காரன் அந்த நேரம் பார்த்துத் தட்டிப் பார்த்திருக்கிறான். அச்சு அசல் எங்கள் ஃபேக்டரிச் சங்கு மாதிரியேதான். பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, சேலையைத் தட்டி, பையைத் தோளில் போட்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். மேடையில் ஆறு பிள்ளைகளின் கையும் தொப்பென்று இறங்கியது. ஒருத்தி என்னிடம் செருப்புக்கு ஓடி வந்தாள். முன்னால் நாற்காலியில் இருந்த ரிசார்ட்டு ஆட்கள் இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று கைதட்டினார்கள்.

நானும் எழுந்து நின்றிருக்கிறேன். ஓய்வு வாங்கி எத்தனையோ வருஷமாச்சு, காலுக்கு அது தெரியவில்லை. நின்ற இடத்தில் வெளிச்சம் வேறு.

அறிவிப்புக்காரப் பையன் பாட்டை நிறுத்தச் சொன்னான். ஆட்டம் முடிந்தது என்று மலையாளத்தில் நன்றி சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஆட்டம் சொல்லிக் கொடுத்தவள் என்று நினைத்துவிட்டான் போல. “டீச்சரே, ரெண்டு வாக்கு” என்று, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என் வாய்க்கு முன்னால் நீட்டினான்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பிள்ளை இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் தோட்டத்தில் சங்கு ஊதிவிட்டது என்று பாதி நிரையில் வேலையை விட்டு யாரும் மேலே ஏற முடியாது. பிடித்த வரிசையைக் கடைசிச் செடிவரை பறித்துவிட்டுத்தான் ஏறணும். எனக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

“சங்கு ஊதினா என்ன, பிடிச்ச நிரைய முடிக்கணும்லா,” என்றேன்.

மைதானம் முழுக்க என் குரல் கேட்டது. செத்தேன் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, “ஆமா மதினி, முடிச்சிட்டே ஏறட்டும்” என்றாள். சிரித்துக்கொண்டே எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். அறிவிப்புக்காரன் பாட்டுக்காரரைப் பார்த்தான். அவருக்கு என்ன புரிந்ததோ, ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து போடு என்று விரலைச் சுற்றிக் காட்டினார். நல்ல மனிதர்தான். கண்ணாடியைத்தான் கழற்றியிருக்கலாம்.

இரண்டாவது தடவை ஆடும்போது பக்கத்து வீட்டுக்காரி வந்து சேர்ந்தாள். புருவமெல்லாம் தேயிலைத் தூசி. மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகள் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் கண் ரோட்டுப் பக்கம் போகவில்லை. அவள் காலைப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கியது.

முடிந்ததும் மகள் வியர்த்துப்போய் அம்மா முன்னால் வந்து நின்றாள். அம்மா அவளை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். “அடுத்த ஆட்டத்துக்குப் பேன்ட்ட கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லு,” என்றாள். மகள் அம்மாவின் புருவத்துத் தூசியைத் துடைத்துவிட்டாள்.

அதற்குள் மேடையில் புகை கிளம்பியது. மறுபடியும் சங்கு. எங்கள் கூட்டம் இந்தத் தடவை அசையவில்லை. முதல் சங்கின்போது இல்லாத பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். மகள் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரும்மா. இது பாட்டு.”