கீக்கீக்கு நாலு E

வெர்னா ஸ்டோல்ட்ஸ் பகலில் சலவைக்கடையில் துணி தேய்ப்பாள். மாலையில் எங்கள் தியேட்டர் வாசலில் ஏணி போட்டு, பெயர்ப்பலகையில் படத்தின் பெயரை எழுத்து எழுத்தாக மாட்டுவாள். கீழே டிக்கெட் கூண்டுக்குள் நான். அவளுடைய காலணியின் அடிப்பக்கத்தை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் இந்த ஆரஞ்சுத் தோட்டத்து ஊரில் கிடையாது.

எங்கள் தகர எழுத்துகள் கூட்டுச் சொத்து. பஞ்சகாலத்தில் தியேட்டரும் எதிர்ச்சாரி பாப்டிஸ்ட் சர்ச்சும் சேர்ந்து ஒரே பெட்டி வாங்கின. வாராவாரம் சனிக்கிழமை காலையில் பாஸ்டர் தன் அறிவிப்புப் பலகைக்கு வேண்டியதை முதலில் பொறுக்கிக்கொள்வார். மிச்சத்தில்தான் சினிமா. பெட்டியில் E நாலே நாலு. M இல்லாதபோது W-ஐக் கவிழ்ப்பாள் வெர்னா. E போதாவிட்டால், இருக்கிற ஒரே 3-ஐத் தலைகீழாக மாட்டுவாள்.

அதனால்தான் சினிமாவில் நடிக்கும் கீக்கீ என்ற சிம்பன்சியின் பெயர் எங்கள் ஊரில் படத்துக்குப் படம் மாறியது. ஒருமுறை KIKI, ஒருமுறை KEKI, பாஸ்டர் பாவத்தைப் பற்றி நீளமாக எழுதிய வாரத்தில் KYKY. யாரும் குறை சொன்னதில்லை. படக் கம்பெனியின் போஸ்டரிலேயே ஒரு மாதிரி, பத்திரிகையில் வேறு மாதிரி.

1938 வசந்தத்தில் கீக்கீ நேரில் வருவதாகத் தந்தி வந்தது. சனிக்கிழமை வாசலில் படம் பிடிப்பார்கள், பலகையில் KEEKEE என்றே இருக்க வேண்டுமாம். மேனேஜர் பிட்ஸ் தந்தியை வெர்னாவின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“நாலு E. ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வாரத்துலேர்ந்து பக்கத்து ஊர் போர்டு கம்பெனிக்காரன் வந்து மாட்டுவான். நீ இஸ்திரிப் பெட்டியோட குடும்பம் நடத்தலாம்.”

அன்று சாயங்காலம் என் கூண்டில் சாய்ந்துகொண்டு வெர்னா அழுதேவிட்டாள். “சலவைக்கடையில என்னை யாருக்குடி தெரியுது? ஏணியில நிக்கறப்பதான் ஊரே நிமிர்ந்து பாக்குது.”

பிட்ஸ் ஒருநாளும் அந்த ஏணியில் மூன்றாம் படியைத் தாண்டியதில்லை.

சனிக்கிழமை நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ‘தேவனே நம் அடைக்கலம்’ என்று பாஸ்டர் மாட்டி முடித்திருந்தார். REFUGE என்ற அந்த அடைக்கலத்தில் மட்டும் இரண்டு E.

“பாஸ்டர், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்த ரெண்டையும் குடுங்களேன்,” என்றாள் வெர்னா.

“ஏம்மா, குரங்குக்காகக் கர்த்தரோட வாக்கியத்துல கை வைக்கச் சொல்றியா?”

“அது சிம்பன்சிங்க.”

“அப்ப கண்டிப்பா கிடையாது.”

இருந்த இரண்டு E, கவிழ்த்த 3 ஒன்று. ஏணி உச்சியில் வெர்னா KEEKE வரை மாட்டிவிட்டுக் காலி இடத்தைப் பார்த்தபடி நின்றாள். பிட்ஸ் கீழேயிருந்து கத்தினார். “பேரோட வால் எங்க?”

“சிம்பன்சிக்கு வாலே கிடையாது சார்.”

அவர் பதில் சொல்வதற்குள் கம்பெனி கார் வந்துவிட்டது. கதவு திறந்ததும் மஞ்சள் சட்டை போட்ட கீக்கீ இறங்கி, கூட்டத்தையும் பிட்ஸ் நீட்டிய கையையும் கண்டுகொள்ளாமல் நேரே ஏணியில் ஏறினான். பழக்குபவர் ஆர்வில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அசையாம நில்லுங்கம்மா. அவன் பாக்க வந்திருக்கான், அவ்வளவுதான்.”

கீக்கீ ஒரு கையால் வெர்னாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மறுகையால் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றி அவளிடம் கொடுத்தான். கடைசி E-ஐ மட்டும் தரவில்லை, முகர்ந்து பார்த்துத் தலையில் வைத்துக்கொண்டான். வெர்னா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. கேமராக்கள் ஓயவில்லை. பலகையில் அப்போது ஒரு எழுத்தும் இல்லை.

“பேரு சரியா எப்படிங்க எழுதறது?” என்று ஆர்விலிடம் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? வாழைப்பழம்னு கூப்பிட்டாலும் வருவான்.”

மறுநாள் பெரிய பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. குரங்கின் பெயரை அவர்கள் புதிதாக ஒரு மாதிரி போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கார்கள் தெருவை அடைத்தன. படக் கம்பெனிக்காரர் கீக்கீயை இன்னொரு நாள் இருக்கச் சொல்லிவிட்டு, “அந்த ஏணியம்மாவும் பக்கத்துல நிக்கணும்,” என்றார். பிட்ஸுக்கு வாயெல்லாம் பல். “வெர்னாம்மா, உன் பேரையும் பலகையில போட்டுடு,” என்றார். பக்கத்து ஊர் போர்டு கம்பெனிக்காரனைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்போது பாஸ்டர் தெருவைக் கடந்து வந்து, கோட்டுக்குள்ளிருந்து இரண்டு E-ஐ எடுத்து நீட்டினார். “காலையில பிரசங்கம் முடிஞ்சுது. அடைக்கலத்தை ஜனங்க குத்துமதிப்பா படிச்சுக்குவாங்க. குரங்கு கையில மட்டும் குடுத்துடாத.”

நல்ல E நாலையும் கீக்கீக்கே மாட்டினாள் வெர்னா. பக்கத்தில் VERNA. தனக்குக் கவிழ்த்த 3.

மாட்டி முடித்தும் ஏணியை விட்டு அவள் இறங்கவில்லை. கூண்டிலிருந்து சத்தம் போட்டேன். “இறங்கி வாடி, கூட்டம் நிக்குது.”

“இருடி,” என்றாள். “இன்னும் எல்லாரும் படிச்சு முடிக்கல.”