அட்டன் மலையில் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டியது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குப் போய்வந்த ஐந்து பேரில் நான்கு பேர் ஞாயிறு ஆராதனையில் பேசிவிட்டார்கள். நான் மைக்கைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். “பேச வேண்டாம்மா, நம்ம சபை மலருக்கு எழுதிக் கொடுங்க” என்றார் போதகர் ஐயா. அதனால் எழுதுகிறேன்.

மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலை நான்கு மணிக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேனில் கிளம்பினோம். மன்னார்குடி, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும் என்றார்கள். எங்களுக்குத் தலைவி எஸ்தர் டீச்சர். பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

விமானம் கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் கீழே கடல். ஒரு மணி நேரம்தான். இங்கிருந்து மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் வேறு தேசத்தில் இறக்கிவிட்டார்கள். வெளியே நிமல் என்ற சிங்களத் தம்பி வேனோடு நின்றார். தமிழ் நன்றாகப் பேசினார். வழியில் டீ குடித்தோம். ஒரு டீ நூறு ரூபாய் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நூறா? தம்பி, பாலும் மாடும் சேத்தா?” என்று கேட்டுவிட்டேன்.

நிமல் சிரித்தார். “எங்க ரூபா அம்மா. உங்க காசுல முப்பதுகூட வராது. பயப்படாம குடிங்க.”

கொழும்பு விமான நிலையத்திலிருந்து அட்டனுக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. நம் பக்கம் எங்கே பார்த்தாலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி. அங்கே ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தேயிலைச் செடி இடுப்புயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று சரிவு முழுக்க நிற்கிறது. நம் சபை உதவி செய்கிற பிள்ளைகள் விடுதிக்குப் போய்ச் சேரும்போது இருட்டப் பார்த்தது. விடுதியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. முப்பது பிள்ளைகள் இருக்கலாம். எல்லாரும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தது. வரிசையாக நின்று பாட்டுப் பாடி வரவேற்றார்கள். எங்களில் அழாத ஆள் இல்லை.

புதன்கிழமை மத்தியானம்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

நம் சபையில் அறுப்புப் பண்டிகையன்று என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். புது அரிசிச் சோறு பொங்கி, ஒவ்வொரு பெண்ணும் அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்றை மடியில் வைத்து, “இன்னிக்கு நான்தான் உன் அம்மா” என்று சொல்லி முதல் உருண்டையை ஊட்டுவோம். வாண்டுகள் உருண்டையை வாங்கிக்கொண்டு, “எங்கம்மாவவிட நீ நல்லா ஊட்டுற” என்று பக்கத்தில் நிற்கும் சொந்த அம்மாவைச் சீண்டும். அவளும், “அப்ப அங்கயே இருந்துக்க போ” என்பாள். ஒரே சிரிப்பாக இருக்கும்.

இதை அந்தப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. தாயில்லாத பிள்ளைக்கு ஒரு நாளாவது அம்மா என்று சொல்ல ஆள் இருக்கட்டுமே என்று நினைத்தோம். சாம்பார், ரசம் எல்லாம் நம் ஊர் மாதிரி வைக்கச் சொன்னோம். விடுதியில் சமைக்கிற பெண் அப்படியே வைத்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள்.

என் மடிக்கு வந்தது ஏழு எட்டு வயதுப் பெண் பிள்ளை. இறுக்கமாக இரட்டைச் சடை போட்டிருந்தது. சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோய், “இன்னிக்கு நான்தாண்டா உன் அம்மா” என்றேன். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. திரும்பினேன். ரச வாளியோடு அந்தச் சமையல்காரப் பெண் நின்றாள்.

“வாங்கிக்க பாப்பா. அக்கா சொல்றேன்ல” என்றாள்.

பிள்ளை வாயைத் திறந்து வாங்கியது. மெல்லவில்லை. வாயில் சோற்றோடு கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பெண் வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். “தாய் நினைப்பு வந்துட்டுது, பாவம்” என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் வீடியோ எடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, மேலுக்கு முடியலியா?”

“அது என் புள்ளம்மா.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “யாரு?”

“நீங்க ஊட்டுனீங்களே, அது. நான் பெத்த புள்ள.”

கையில் ஒட்டிய சோறு காய்கிற வரைக்கும் நின்றேனோ என்னவோ. “அப்ப ஏன் உன்ன அக்கான்னு...”

“வெளியாளுங்க வந்தா அக்கா. நீங்க போனதும் அம்மா. முன்ன ஒரு தடவ வந்தவங்க, இதுக்குத்தான் அம்மா இருக்காளேன்னு இத விட்டுட்டு மத்த புள்ளைங்களுக்கு மட்டும் படிப்புக்கு உதவி எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுலருந்து இப்படி. இதோட அப்பா கொழும்புக்குப் போனவரு, ஒரு தகவலும் இல்ல. சொல்லிறாதீங்கம்மா. இங்கருந்து அனுப்பிட்டாங்கன்னா லயத்துக்குத்தான் போகணும், படிப்பு போயிடும்.”

லயம் என்பது தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகள் இருக்கும் வரிசை வீடு. நான் சொல்ல மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த விடுதியில் அந்தத் தாய் நிற்கிற இடத்திலேயே நான் அவள் பிள்ளையிடம் உன் அம்மா என்று சொல்லியிருக்கிறேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர், “நேத்து எடுத்த வீடியோ ஆடிப்போச்சு, இன்னிக்கும் ஊட்டுவோம்” என்றார். பிள்ளை என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றது. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, “டீச்சர், இந்தப் பிள்ளைக்குப் படம் எடுத்தா கூச்சம். எனக்கும் கூச்சம். நாங்க அடுப்படில போய்ச் சாப்புட்டுக்கறோம்” என்றேன்.

“சரியான ஜோடி சேந்துச்சுப்பா! ஞானப்பூ அக்கா, கதவச் சாத்திக்கிட்டு நீங்களே தின்னுறாதீங்க” என்று டீச்சர் என்னைக் கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிள்ளையையும் தட்டையும் உள்ளே அவளிடம் விட்டுவிட்டு நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “அம்மா, ரசம் உறைக்குது” என்று சிணுங்கல் கேட்டது. “உறைக்கலடி, வாயத் தொற” என்று அவள் அதட்டினாள். எந்த வீட்டிலும் கேட்கிற பேச்சுதான்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். பிள்ளைகள் கையாட்டினார்கள். மலை இறங்கும் வழியில் ஆறு ஒன்று கூடவே வருகிறது. பாறையில் மோதி நுரையாக ஓடுகிறது. நம் காவிரி இப்படிச் சத்தம் போடாது. அந்த இடத்தில்தான் டீச்சரிடம் சொன்னேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியவள்தான். ஆனால் அடுத்த வருடமும் நாம் போய் இதையே செய்வோமே என்று இருந்தது.

டீச்சர் முதலில் கோபப்பட்டார். “அப்ப நம்மள ஏமாத்திருக்காங்க! பிள்ளைங்க வாயால பொய் சொல்ல வச்சு...” அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல நான் என்ன கேட்டேன் தெரியுமாக்கா? நிஜமாவே அநாதைப் பிள்ளைங்கதானேன்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்” என்றார்.

ஊருக்கு வந்து போதகர் ஐயாவிடம் சொன்னோம். அவர் விடுதிப் பொறுப்பாளரோடு பேசினார். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் அம்மாவோ அப்பாவோ உண்டாம். வறுமையால் விட்டிருக்கிறார்களாம். உள்ளதைச் சொன்னால் யாரும் வருவதில்லை என்று அவர் அழுதாராம். தாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் உதவி நிற்காது, எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது என்று ஐயா உறுதி சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணிடமும் கேட்டார்கள். பெயர் போடாமல் எழுதட்டும் என்றாளாம். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

நம் ஊரில் உருண்டையை வாங்கியதும் பிள்ளை மடியிலிருந்து குதித்து அம்மாவிடம் ஓடிவிடும். அதனால்தான் அது விளையாட்டு. அங்கே அந்தப் பிள்ளையால் ஓட முடியவில்லை. தாயில்லாப் பிள்ளைகளுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டு போனோம். நாங்கள் இருந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லாமல் போனது எங்களால். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

தூரம், டீ விலை, நேரம் எல்லாம் தப்பாக இருக்கலாம். அந்த ஆற்றின் பெயரும் மறந்துவிட்டது. டீச்சர் ஒரு தடவை பார்த்துத் திருத்தினால் நல்லது. இன்னொன்றையும் யாராவது சரிபார்க்க வேண்டும், அதை இங்கிருந்து பார்க்க முடியாது. அடுத்து அங்கே போகிறவர்கள், நீங்கள் வாசலில் நிற்கும்போதே அந்தப் பிள்ளை அடுப்படியில் இருக்கிற அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.