கையேட்டின் கடைசி வரி

எங்கள் கம்பெனியின் கிளவுட் டூலை நிறுவ ஒரு கையேடு உண்டு. எழுதியவர் என் சீனியர், திருவேங்கடத்துக்காரர், இப்போது பெங்களூரில். பன்னிரண்டு பக்கமும் மேக் கணினிக்கே. முடிவில் ஒரே வரி: "விண்டோஸ் பயனர்கள் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்."

என் விண்டோஸ் லேப்டாப்பில் அப்படி மாற்றிக்கொள்ளவே போன வாரம் இரண்டு நாள் போனது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சீனியர், "தம்பி கொஞ்சம் மெதுவா வேல பாக்கான்" என்றார். என் வேலை நிரந்தரமாகுமா என்று மேனேஜர் முடிவு செய்யும் மாதம் இது.

எங்கள் டீமில் கையேட்டைக் குறை சொன்னவன்தான் புதிய பதிப்பை எழுத வேண்டும். அதனாலேயே யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன்.

நேற்று டூல் புதிதாக மாறியது; பழைய கையேடு இனி உதவாது. அதோடு என் பதிப்பும் வெளியானது. முழுக்க விண்டோஸ்.

இன்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் எதிரே டீ குடிக்கும்போது சீனியரின் போன்.

"ஏலே, இதுல ஒரு கமாண்டும் என் மேக்ல ஓட மாட்டேங்கு. மூணு மணிக்கு மேனேஜர்ட்ட டெமோ காட்டணும்லா!"

"கடைசி வரியப் பாத்தியளா அண்ணாச்சி?"

வாசித்தார். "மேக் பயனர்கள் தங்களுக்கேற்ப... ஏலே, இது நான் எழுதுன வரில்லா!"

"ஆமா. ஒரு வார்த்தைதான் மாத்துனேன்."

மேக்குக்கான பக்கங்களும் என்னிடம் தயார். "தப்பு கையேட்டுலதான், தம்பிகிட்ட இல்ல" என்று டீம் குழுவில் போட்டால் உடனே அனுப்புவேன் என்றேன்.

மணி இரண்டு ஐம்பது. குழுவில் அவர் டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறார். நீங்கள் என்றால் இரங்கி அனுப்பியிருப்பீர்களா?

நான் இரண்டாவது டீ சொல்லியிருக்கிறேன். மெதுவாகத்தான் குடிப்பேன். நான் கொஞ்சம் மெதுவான ஆள் அல்லவா?